விதானையார் பிடித்த நோன்பு

"அவன்ட பொஞ்சாதி எங்க, நஸ்லா? நான் கேக்கிறது அவ்வளவுதான்."

"எனக்கென்ன தெரியும்? வந்து மூணு நாளாகல்ல, அதுக்குள்ள ஆருடயோ பொஞ்சாதியத் தேடுறீங்க."

"அப்ப இந்த ஒன்பது மாசமும் அவன் ஆருட கையால திண்டான்?"

"என்ட கையால."

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து தெரு ஓய்ந்து கிடந்த நேரம். மார்கழி மழை அப்போதுதான் விட்டிருந்தது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு இடைஞ்சல் இல்லை. மதிலுக்கு மறுபக்கம் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்த சுபைறாவின் காதுக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. அவள் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. மீன் கழுவுகிற கல் மதிலோரமாகக் கிடக்கிறது, அவ்வளவுதான். மழைக்கு முன் அந்தக் கல் கிணற்றடியில் கிடந்தது என்பது வேறு விஷயம்.

ஹாதிக் கட்டாருக்குப் போய்ப் பதினொரு மாதம். லீவில் வந்து மூன்று நாள். அவன் இல்லாத வீட்டில் ஒன்பது மாதமாக அவன் பெண்சாதி கையால் தின்றவன் எவன்? சுபைறா மீனைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். மீன் கறிக்குக் கொறுக்காய்ப்புளி கடன் கேட்கிற சாட்டில் பின்வளவில் இருக்கிற நஸ்லாவின் உம்மா மைமூனாவின் குசினிக்குப் போனாள்.

உள்ளே நஸ்லா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சண்டைக்குப் பயந்து அல்ல. ஒன்பது மாதமாக மூடி வைத்த சட்டியை அவன் திறந்துவிட்டான் என்று தெரிந்ததால்.

அந்த 'அவன்' மனிதப் பிறவி அல்ல. பெயர் விதானையார். இருப்பிடம் ஹாதிக்கின் கொம்பியூட்டர். இரும்புத் தொப்பியும் தோல்சட்டையுமாக, முதுகில் வாளோடு பனிமலைகளில் ஏறி இறங்கி, பூதங்களையும் நெருப்புக் கக்கும் பறவைகளையும் வெட்டுகிற ஒரு விளையாட்டு வீரன். ஹாதிக்கின் வாப்பா மீராமுகைதீன் சாகாமத்துக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்களுக்கு வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுவதும் வரம்புச் சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் வேலை. தன் பதவியை மகன் இப்படி ஒருத்தனுக்குக் கொடுத்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தீர்ப்பதற்கு இன்னொரு வழக்குக் கிடைத்திருக்கும்.

அந்த விளையாட்டு வாங்குகிறபடியே விளையாடினால் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. செத்தால் திரும்ப எழும்பலாம். ஆனால் அதில் பைத்தியம் பிடித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். விளையாட்டை இன்னும் கஷ்டமாக்குவதற்கென்று அவர்களே எதையாவது செய்து இணையத்தில் இலவசமாகப் போடுவார்கள். அவற்றுக்கு மொட் என்று பெயர். ஒரு மொட்டைச் சேர்த்தால் வீரனுக்குப் பசிக்கும். இன்னொன்றைச் சேர்த்தால் குளிரும். இன்னொன்றில், கட்டிலில் படுத்துத் தூங்கினால் மட்டும்தான் அதுவரை விளையாடியது பதிவாகும். கடைசி ஒன்று எல்லாவற்றையும் விடக் கொடியது. ஒரு உயிர்தான். செத்தால் அவனுடைய பதிவெல்லாம் தானாக அழிந்துவிடும்.

ஹாதிக்கும் அவன் கூட்டாளி இன்ஷாப்பும் இன்னும் மூன்று பேருமாக இந்த நான்கையும் போட்டுக்கொண்டு விளையாடினார்கள். 'ஒரு உசிர்' என்று வட்ஸ்அப்பில் ஒரு குழு. அதில் ஒரு பட்டியல்: எவனுடைய ஆள் விளையாட்டுக்குள் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறான் என்று. விளையாட்டில் திராட்சை மது குடித்தால் குளிர் விடும். இவர்கள் அதையும் தங்கள் ஆட்களுக்குத் தடுத்துவிட்டார்கள். குளிரில் விறைத்துச் செத்தாலும் எங்கட ஆள் ஹறாமைத் தொடமாட்டான் என்று. ஐந்தாவது மொட் என்று அதைத்தான் சொல்வார்கள்.

நஸ்லா முதலில் இதை ஏளனம் பண்ணினவள்தான். வீடு அவளுடையது. இந்தப் பக்கத்து வழக்கப்படி மஜீட்டும் மைமூனாவும் மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, இளையவள் நதீராவோடு பின்வளவில் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வந்து ஏறினான். அவனோடு கொம்பியூட்டரும் ஏறியது. அவன் விதானையாருக்குக் கலியாணம் முடித்து வைத்த அன்று அவள் ஒரு நேரம் சோறு சாப்பிடவில்லை. பொண்ணு, அம்பு விற்கிற கடைக்காரி, பச்சைக் கண்கள். வீட்டில் பெண்சாதி இருந்தால் ஒவ்வொரு நாளும் சூடான சாப்பாடு கிடைக்கும், பசி மொட்டுக்கு அது பெரிய உதவி என்று ஹாதிக் விளக்கினான்.

"அப்ப சாப்பாட்டுக்குத்தான் கலியாணம் முடிக்கிற" என்று நஸ்லா சொல்லிவிட்டு, அவனுடைய சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள்.

கட்டாருக்குப் போகிறபோது அவன் சொன்னது ஒன்றுதான். உப்புக் காற்று தின்றுவிடாமல் இருக்க, வாரத்தில் ஒருக்கா மெசினைப் போட்டு எடு. அவள் போட்டாள். போட்டதும் விதானையார் கட்டிலில் இருந்து எழும்பி நின்று அவளைப் பார்த்தான். சும்மா நாலடி நடத்திப் பார்த்தாள். ஒரு மாதத்தில் வாள் வீசினாள். விஷயத்தைச் சொன்னதும் ஹாதிக் ஏசவில்லை. சந்தோஷப்பட்டான். பார்த்து விளையாடு, ஒரு உயிர், அறுநூறு நாளாகப் போகிறது என்றான். குழுவில் மட்டும் பெண்சாதி விளையாடுகிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, அங்கே ஒருவனுடைய மடிக்கணினியில் தானே விளையாடுவதாகச் சொல்லி வைத்தான். அவள் அனுப்புகிற படங்களைத் தன்னுடையதாகப் போட்டான்.

அவனுக்கு அங்கே வேலை, மொட்டை மாடிகளில் ஏசி பூட்டுவது. இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும். ஒரு அறையில் எட்டுப் பேர். தொலைபேசி எடுத்தால் மாமியின் முழங்கால் வலியை விசாரிப்பதற்கு முன் விதானையாரைத்தான் விசாரிப்பான்.

"பனிக்குள்ள நிக்கிற படம் ஒண்டு அனுப்பு புள்ள. அதப் பாத்தா எனக்கும் கொஞ்சம் குளிருற மாதிரி இரிக்கி."

அவள் ஒவ்வொரு நாளும் பனி அனுப்பினாள்.

அப்போதுதான் நோன்பு வந்தது.

லுஹருக்குப் பிறகு வெயில் ஏறி, தொண்டை வறண்டு, குசினியில் அடுப்பே மூட்டாத நேரத்தில்தான் அவள் விளையாட உட்காருவாள். விதானையாருக்குப் பசிக்கும். அவள் பொத்தானை அமுக்கினால் மான் இறைச்சியைக் கடித்துச் சப்புக்கொட்டித் தின்பான். அந்தச் சத்தம் அவளுக்குச் சரிவரவில்லை. வீடு முழுக்க நோன்பு, இவன் ஒருத்தன் மட்டும் பட்டப்பகலில் தின்கிறான். அதுவும் அவளே ஊட்டுகிறாள். முதல் இரண்டு நாள் சத்தத்தைக் குறைத்தாள். மூன்றாம் நாள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். நான்காம் நாள் ஒரு முடிவெடுத்தாள். மதுவைத் தொடாதவனுக்கு நோன்பு மட்டும் எதற்கு இல்லாமல் போக வேண்டும்? விளையாட்டுக்குள் சூரியன் எழும்பினால் அவனும் வாயைக் கட்டவேண்டியது, சூரியன் விழுந்தால் திறக்கவேண்டியது. நோன்பு பிடிக்கிறேன் என்கிற நிய்யத்தும் அவனுக்காக அவளே வைத்தாள். இதை ஹாதிக்குக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று நினைத்தாள்.

பதினேழு நோன்பு பிடித்தான் விதானையார். நல்ல பிள்ளையாகத்தான் பிடித்தான்.

பதினெட்டாவது நாள் ஒரு மலைக்கணவாயைக் கடந்துகொண்டிருந்தான். பசியால் பலம் கால்வாசிக்கு இறங்கியிருந்தது. பையில் நாலு பாண், ஒரு கட்டிப் பால்கட்டி. அஸர் தாண்டிய நேரம்போல் இருந்தது. ஆனால் பனிமூட்டம் மூடி, சூரியன் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. பேணுதலுக்காக அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். ஊர்ப் பள்ளியிலும் பாங்கு சொல்லியிருக்கவில்லை. அந்த நேரம்தான் ஓநாய் வந்தது. ஒரேயொரு ஓநாய். அதைப்போல நூறு ஓநாய்களை வெட்டினவன் வாளைத் தூக்க மாட்டாமல் முழங்காலில் விழுந்தான். அவள் பாண் பொத்தானைத் தேடித் தடவினாள். கண்டுபிடித்து அமுக்கினபோது தின்பதற்கு ஆள் இல்லை. திரை கறுத்தது. அறுநூற்றுப் பதினொரு நாளும் அழிந்தன.

அன்று நோன்பு திறக்கையில் மைமூனா கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். நஸ்லா ஒரு வாய் குடித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. மைமூனா மகள் மாப்பிள்ளையை நினைத்து அழுவதாக விளங்கிக்கொண்டு, கஞ்சிக்குள் இன்னும் ஒரு கரண்டி இறைச்சி போட்டாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தொலைபேசி மணி அடித்ததும் அவன் கேட்டது வழமையான கேள்வி. விதானையார் எப்படி? குரல் காய்ந்து கிடந்தது. பகல் முழுக்க வெயிலில் நின்று, நோன்போடு ஏசி பூட்டின குரல்.

"நல்லா இரிக்கான்" என்றாள் நஸ்லா.

ஒருக்காச் சொன்னதை மறுநாள் மாற்ற முடியவில்லை. அதே முகம், இடப் புருவத்துக்கு மேலே அதே வெட்டுத் தழும்பு, அதே பெயர் என்று புதிதாக ஒருவனை உண்டாக்கினாள். அவன் கந்தல் உடுப்போடு சமவெளியில் நின்றான். பனிமலைக்குப் போக அவனுக்குப் பலம் போதாது. ஹாதிக் பனிப் படம் கேட்டால் பழைய படங்களில் ஒன்றைத் தேடி அனுப்பினாள். நாட்கணக்கை அறுநூற்றுப் பதினொன்றில் இருந்து தொடர்ந்து சொன்னாள். கட்டாரில் அவன் அந்தப் பழைய பனியைப் பார்த்துக் குளிர்ந்துகொண்டிருந்தான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குச் செத்தவன் பையில் கிடந்த நாலு பாணும் தன் தொண்டைக்குள் கிடப்பதுபோல் இருக்கும்.

புதியவனை அவள் பட்டினி போடவே இல்லை. தனக்கு விடுபட்ட நோன்பைக் களாவாகப் பிடித்த நாட்களில்கூட அவனுக்கு நேரத்துக்கு நேரம் ஊட்டினாள். எட்டு மாதத்தில் அதே வாள், அதே கவசம், அதே ஊரில் அதே வீடு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தாள். கடைசியில் ஒன்றுதான் மிச்சம். பச்சைக்கண்ணியின் கடைக்கு மூன்று தடவை போனாள். கலியாணப் பேச்சை எடுக்கிற வரி திரையில் வந்து நின்றது. மூன்று தடவையும் அம்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஆகவேதான் லீவில் வந்த மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு ஹாதிக் ஆசையோடு உட்கார்ந்து மெசினைப் போட்டபோது, வீடு இருந்தது, கட்டில் இருந்தது, சோற்றுக் கோப்பையோடு வந்து நிற்கிறவள் இல்லை. பிறகு நாட்கணக்கைப் பார்த்தான். எண்ணூற்றுச் சொச்சம் இருக்கவேண்டிய இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது. ஆளை உண்டாக்கின திகதி ஒன்பது மாதத்துக்கு முந்தியது.

"அவன் செத்தது எனக்குப் பெரிசில்ல" என்றான் ஹாதிக், குரலைத் தணித்துக்கொண்டு. சுபைறா அதற்குள் மதிலை விட்டுப் போயிருந்ததால் இது அவளுக்குக் கேட்கவில்லை. "ஒவ்வொரு நாளும் நான் கேட்டன். ஒவ்வொரு நாளும் நல்லா இரிக்கான் எண்டாய். மறுகா நீ சொன்ன மத்தக் கதையெல்லாம் எப்பிடி? அதில எது நல்லா இரிந்தது?"

நஸ்லா எழும்பிக் குசினிக்குப் போனாள்.

கொறுக்காய்ப்புளி வீடு வந்து சேர்வதற்குள் கதை தெருக்கோடி வரை போய்விட்டது. சுபைறா பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். ஒன்பது மாதமாக ஒருத்தன் நஸ்லாவின் கையால் தின்றிருக்கிறான், அவனுக்குப் பெண்சாதியும் உண்டு, அவளை இப்போது காணவில்லை. போகப் போக அவனுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும் முளைத்தது. மைமூனா முன்வீட்டுக்கு வந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அந்தப் பார்வையை நஸ்லா அதற்குப் பிறகு பல நாள் நினைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஷாப் வந்தான். அவன் பெண்சாதி றம்லா தள்ளி அனுப்பியிருந்தாள். சமாதானம் பேச வந்தவனுடைய முகத்தை வைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான். நஸ்லா உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் தேத்தண்ணீரோடு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் இன்றைக்கும் மீன் கழுவுகிற சத்தம். மீன் வண்டி அன்று வரவில்லை.

இன்ஷாப் மழையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தான். கட்டாரைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"மச்சான், ஊருல ஒரு கத அடிபடுது. ஆர் அவன்?"

ஹாதிக் மதிலைப் பார்த்தான்.

நஸ்லாவுக்கு விளங்கியது. விதானையார் என்று ஒரு சொல் சொன்னால் அவளுடைய பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அதோடு 'ஒரு உசிர்' பட்டியலில் முதலாவதாக நிற்கிறவன் ஒன்பது மாதத்துக்கு முன் செத்தவன் என்பதும், அதற்கு முன்னும் அவனை நடத்தினது ஹாதிக் அல்ல என்பதும் வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் அவள் மானம், மறுபக்கம் அவன் மானம். அவன் யோசித்துக்கொண்டிருந்தான். நாலு மூச்சு விடுகிற நேரம் யோசித்தான். அந்த நாலு மூச்சையும் அவள் எண்ணினாள். கோபம் வரவில்லை. ஒன்பது மாதம் யோசித்தவளுக்கு நாலு மூச்சைப் பிழை பிடிக்க எங்கே நியாயம்?

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"விதானையார் மவுத்தாகி ஒன்பது மாசம், இன்ஷாப் காக்கா. நான்தான் சாகடிச்சன். இவருக்கு நேத்து வரைக்கும் தெரியா. நீங்க கேட்ட அந்த ஆள் அவன்தான், ரெண்டாவதா நான் செஞ்சவன்."

இன்ஷாப் தேத்தண்ணீரைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சப்புக்கொட்டுகிற சத்தம், நிய்யத்து, பனிமூட்டம், ஓநாய். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல இன்ஷாப்பின் தலை குனிந்துகொண்டே போனது. ஊர்க் கதையை விசாரிக்க வந்தவன் மையத்து வீட்டில் இருக்கிறவன்போல் ஆகிவிட்டான்.

"பைக்குள்ள பாண் இரிந்ததா?"

"நாலு."

அவன் தேத்தண்ணீரைக் கீழே வைத்தான்.

"தங்கச்சி, அவன் மலையால போய்க்கொண்டெல்லா இரிந்தான். பிரயாணி. பிரயாணிக்கு நோன்பு விடலாம்தானே, பிறகு களாச் செய்யலாமே."

நஸ்லா திகைத்து நின்றாள். அது அவளுக்குத் தெரியாததா? ஏழு வயதில் மதரசாவில் ஓதியது. பயணத்தில் இருக்கிறவனுக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை. அல்லாஹ் விட்டுக் கொடுத்ததை அவள் விட்டுக் கொடுக்கவில்லை. இத்தனை நாளும் பனிமூட்டத்தையும் பொத்தானையும்தான் நினைத்து அழுதாள். இது ஒன்பது மாதத்தில் ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தமும் நின்றுவிட்டது.

அப்போதுதான் ஹாதிக் வாய் திறந்தான்.

"இன்னொண்டும் இரிக்கி மச்சான். கட்டார்ல நான் விளையாடவே இல்ல. போன நாள்ல இரிந்து எல்லாம் இவள்தான். நான் குழுவுல போட்டதெல்லாம் இவள்ட."

இன்ஷாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, துக்க வீட்டில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கிறவன்போல் மெதுவாகக் கேட்டான். அந்த இரண்டாவது ஆள் எத்தனை நாள்?

"இருநூத்திப் பன்னிரண்டு."

"எல்லா மொட்டும் போட்டா?"

"எல்லாம் போட்டுத்தான்."

இன்ஷாப்பின் ஆள் எவனும் இதுவரை நூற்று நாற்பதைத் தாண்டினதில்லை. அவன் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினான்.

அன்று பின்னேரம் பட்டியல் மாறியது. விதானையார், அறுநூற்றுப் பதினொரு நாள், நோன்போடு மவுத்து. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி, ஹாதிக்ட வீட்டுக்காரி, இருநூற்றுப் பன்னிரண்டு, உயிரோடு. ஹாதிக்கோடு ஒரு கிழமை எவனும் குழுவில் கதைக்கவில்லை. அவன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மணிக்கொருக்கா தொலைபேசியை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைப்பதை நஸ்லா கண்டாள். அவனும் அவளோடு குறைவாகத்தான் கதைத்தான். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில், "மாமிட முழங்கால் வலியாவது மெய்தானா?" என்று கேட்டான். அது மெய்தான். அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் இன்னொரு கரண்டி கறி போடச் சொன்னான்.

சுபைறாவுக்குத்தான் பெரிய ஏமாற்றம். கொம்பியூட்டருக்குள் இருக்கிறவனுக்காக ஒரு பெண் தூணைப் பிடித்து அழுதாள் என்பதை அவள் கடைசி வரை நம்பவில்லை. மோட்டார் சைக்கிள் எங்கே போனது என்று இப்போதும் கேட்கிறாள்.

லீவு முடிந்ததும் ஹாதிக் கட்டாருக்குத் திரும்பிப் போகவில்லை. பொத்துவில் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற இடங்களுக்கு ஏசி பூட்டித் திருத்துகிற வேலை எடுத்தான். தூரத்தில் இருந்துகொண்டு நல்லா இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதை இருவருமே நிறுத்தவேண்டும் என்று நஸ்லா சொன்னாளாம். அவளும் கூடவே போனாள். மாப்பிள்ளை வந்து ஏறுகிற ஊரில், தாய் தகப்பன் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் வாடகை வீட்டுக்குப் போனவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மைமூனா படலை வரை வந்து வழியனுப்பினாள். அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மகளின் பைக்குள் நாலு பாண் வைத்துவிட்டாள். கதை அவள் காதுக்கும் முழுதாகத்தான் போயிருந்தது.

பூட்டின வீடு கனநாள் பூட்டிக் கிடக்கவில்லை. பெருநாள் முடிந்த கையோடு நதீராவுக்கு மருதமுனையில் இருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் அஸீம், சாரன் நெய்கிற குடும்பம். அவனும் ஒரு கொம்பியூட்டரோடுதான் அந்த வீட்டில் வந்து ஏறினான். சுபைறா கல்லை மதிலோரமாகவே வைத்திருக்கிறாள்.

போன கிழமை பொத்துவிலில் இருந்து நதீராவுக்கு ஒரு செய்தி வந்தது. விதானையாருக்குக் கலியாணம் முடிந்துவிட்டதாம். பொண்ணு அதே பச்சைக்கண்ணிதான். பேச்சை எடுத்தவள் நஸ்லா. ஹாதிக் பக்கத்தில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். இப்போது விதானையார் பெண்சாதியின் கடைக்கு மேலே உள்ள வீட்டில் போய் ஏறியிருக்கிறான். நேரத்துக்குச் சாப்பிடுகிறான். நோன்பு பிடிப்பதில்லை.